எட்டாம் இலக்க வீட்டின் கடைசி எபிசோட்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
14.07.2024

மரண அறிவித்தல்

கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும், எங்கள் வீட்டு செற்றியின் இடுக்கை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் ரிமோட் அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலமானார். அன்னார் பழைய டிவியின் அருமைப் புதல்வரும், புதிய டிவியின் பாசமிகு கணவரும், கூரையில் இருக்கும் டிஷ் அவர்களின் அன்பு மருமகனும், இரண்டு பற்றரிகளின் (ஒன்று கசிந்துவிட்டது) அருமைத் தந்தையும் ஆவார். பூதவுடல் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டுள்ளது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், பண்டாரவளைக் கன்னியர் மடத்தார் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.
தகவல்: ஜெரோம், தம்பி.

அன்புள்ள அக்கா,

அழாதே. நல்ல சாவுதான். வேதனைப்படவில்லை.

கடிதங்களை முதலில் மதர்தான் வாசிப்பா என்று எழுதியிருந்தாய். வணக்கம் மதர். நான் நல்ல பிள்ளை. இதற்குக் கீழே வாசித்தால் பாவம் உங்களுக்குத்தான்.

இனி முக்கியமான செய்தி. ‘எட்டாம் இலக்க வீடு’ முடியப்போகிறது. கடைசி எபிசோட் டிசம்பர் ஏழாம் திகதி, சனிக்கிழமை. இந்த அறிவித்தல் வந்த அன்று கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகளில் கறி அடிப்பிடித்தது.

பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு நாளும் எபிசோட் தொடங்க முதல் என்ன நடக்கும் என்று நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன். பிழையாகச் சொன்னவர் அன்றைய சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். நீ போன மார்கழியில் மடத்துக்கு வேன் ஏறினபோது, தொடரில் கதாநாயகி மேகலா தன் சித்தியோடு சண்டை பிடித்து, வீட்டை விட்டு வெளிக்கிட்டு, ஒரு பையோடு பஸ் நிலையத்தில் நின்றாள். கடைசி எபிசோடில் அவள் வீட்டுக்கு வருவாள் என்று நான் சொன்னேன். வரமாட்டாள் என்று நீ சொன்னாய். தோற்றவர் ஆயுள் முழுக்கக் கழுவவேண்டும். மறந்தேன் என்று தப்பாதே, மடத்தில் பொய் சொல்ல ஏலாது.

உனக்கு வெள்ளை உடுப்புப் போட முதல் டிசம்பர் முதற் கிழமை வீட்டுக்கு விடுவார்கள்தானே? கணக்குப் பார்த்துவிட்டேன், கடைசி எபிசோட் அந்தக் கிழமைதான். சேர்ந்து பார்ப்போம். பார்த்த பிறகும் உனக்குத் திரும்பிப் போக மனம் வந்தால் போ. வராது.

அதுவரை கதையை நான் எழுதி அனுப்புகிறேன். மேகலா இப்போது ஒரு மலையில் தையல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். ஒரே குளிர், ஒரே லீக்ஸ் கறி. வீட்டில் அவளுடைய அம்மா அவளைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

சினிமாச் செய்தி: எங்கட ஆளின் படம் தீபாவளிக்கு. டீசர் வந்துவிட்டது. முழுக்க அவருடைய முதுகுதான். முகம் இல்லை. முதுகுக்கே என் கூட்டாளி ஆமிர் மாளிகாவத்தையில் பட்டாசு கொளுத்தி அவனுடைய வாப்பாவிடம் அடி வாங்கினான், அதுவும் முதுகில். வெள்ளவத்தைத் தியேட்டரில் முதல் நாளே பார்க்க நாங்கள் ரெடி.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உன் கட்டிலையும் என் கட்டிலையும் சேர்த்துப் போட்டுக் குறுக்கே படுக்கிறேன். நீ போனதிலிருந்து ஒரு கோப்பையும் கழுவவில்லை. இளவரசன் வாழ்க்கை. நீ மடத்துக்குப் போனாய், நான் மடையன் இல்லை.

இப்படிக்கு,
ஜெரி


பண்டாரவளை
04.08.2024

அன்புள்ள தம்பி,

மரண அறிவித்தலை வாசித்து மதர் சிரித்தாராம். உன் தம்பிக்கு ரேடியோவில் வேலை இருக்கிறது என்று சொன்னார். ஆனால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டபோது மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த வார்த்தையோடு இனிக் கடிதம் தொடங்காதே. தயவு செய்து.

இங்கே காலையில் பனி. பிறகு பூசை, பிறகு படிப்பு, பிறகு மரக்கறித் தோட்டம். லீக்ஸ் கறி உண்மைதான். உனக்கு யார் சொன்னது?

சமையலறைக்கு உதவிக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லம்மா என்று ஒருவர் வருகிறார். அவர் உள்ளூர்ச் சானலில் நம்முடைய தொடரைத்தான் பார்க்கிறார். அதில் நாலு மாதம் பிந்தித்தானே வரும். நீ டிஷ்ஷில் பார்ப்பதை நான் அவரிடம் சொன்னால் எனக்குச் சாபம் விழும். அதனால் வாயை மூடிக்கொண்டு லீக்ஸ் வெட்டுகிறேன்.

டிசம்பரில் வருவதைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. உடுப்புப் போட்ட பிறகு ஒரு வருசம் வீட்டுக்கு வர ஏலாது, அதற்காகத்தான் அந்த ஒரு கிழமை. வந்து திரும்பாதவர்களும் இருக்கிறார்கள் என்று இங்கே சொல்வார்கள்.

நான் கேட்க வந்தது வேறு. இங்கே வந்த நாள் முதல் அம்மாவுக்குக் கடிதம் போடுகிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் வேன் ஏறின அன்றைக்கு விடிய எழும்பி அம்மா எனக்குச் சோறு சமைத்தா, கருவாட்டுக் குழம்போடு. “போறதெண்டா சாப்பிட்டிட்டுப் போ” என்றுதான் சொன்னா. வேன்காரர் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் கோப்பையைத் தொடாமல் வெளிக்கிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் எழும்பமாட்டேன் என்று பயம். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா எப்படி இருக்கிறா? முழங்கால்? பகிடி விடாமல் எழுது.

அன்புடன்,
அக்கா


கொட்டாஞ்சேனை
18.08.2024

மாண்புமிகு வருங்காலச் சிஸ்டர் அவர்களுக்கு,

கேள்வி: அம்மா எப்படி? பதில்: சுகம். அடுத்த கேள்வி.

அப்பாவும் சுகம். பேலியகொடையில் மீனோடு சண்டை பிடித்துவிட்டு வந்து நித்திரை கொள்கிறார். ஒரு நாள் “பக்கத்து வீட்டுச் சுபோதினின்ட மகளுக்குக் கலியாணமாம்” என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, “மாப்பிள்ளை சரியில்லையாம்” என்று தானே சேர்த்துக்கொண்டார். பாவம். மாப்பிள்ளை கனடாவில் இஞ்சினியர்.

கதைக்கு வருவோம். இந்தக் கிழமை முழுக்க மேகலாவின் அம்மாதான். பின்னேரமானால் குசினியில் லைற் போடாமல் இருக்கிறா. முழங்காலுக்கு எண்ணெய் பூச முன்பு மேகலா இருந்தாள், இப்போது ஆள் இல்லை. மகன் பூசட்டா என்று கேட்டான். “நீ பூசினா எரியுது” என்று சொல்லிவிட்டா. மேகலாவின் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுத்து, திருப்பி மடித்து, அதே மாதிரி உள்ளே வைக்கிறா. பிறகு மேசையில் சாப்பாடு போடுகிறா. வீட்டில் மூன்று பேர். அவ வைப்பது நாலு கோப்பை. நல்ல நடிப்பு, பின்னணியில் மியூசிக் கூட இல்லை.

மகன் பாத்திரம் சூப்பர். அழகன், கெட்டிக்காரன். இந்தத் தொடரிலேயே அவனுக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது.

படத்துக்கு டிக்கெட் சொல்லி வைத்தாச்சு. பின்னேரக் காட்சி, நடுவரிசை. ஆமிர் எங்கட ஆளின் முதுகைப் பெரிசாகப் பிரின்ற் பண்ணி ரீசேட்டில் போட்டிருக்கிறான். ரீசேட்டின் முன்பக்கத்தில். அவனைப் பார்த்தால் வருகிறானா போகிறானா என்றே தெரியாது. அடுத்த வருசம் இன்னும் இரண்டு படம் வருகிறதாம். ஒன்றில் எங்கட ஆள் இரட்டை வேடம். அதை நீயும் பார்க்கத்தான் போகிறாய்.

மேகலாவுக்கும் டிசம்பரில் ஒரு கிழமை லீவு. வருவாள் என்று ஊர் முழுக்கக் கதை.

இப்படிக்கு,
அழகன், கெட்டிக்காரன்


பண்டாரவளை
06.10.2024

அன்புள்ள ஜெரி,

போன மாதம் காய்ச்சல், அதனால் எழுத முடியவில்லை. இப்போது சுகம்.

நேற்று செல்லம்மா அழுது வீங்கின கண்ணோடு வந்தார். வீட்டில் ஏதும் கரைச்சலா என்று கேட்டேன். “இல்லைங்க சிஸ்டர், மேகலாவோட அம்மா லொறியில அடிபட்டு செத்துப்போயிருச்சுங்க. பொண்ணு மூஞ்சியக்கூடப் பாக்காம போயிருச்சுங்க” என்றார். எங்கள் எல்லோரையும் அவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கவலைப்படாதீர்கள், உயிரோடு வருவா என்று சொல்லிவிட்டேன். நீ ஓகஸ்டில் எழுதியிருந்தாய்தானே, அவவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூச ஆள் இல்லை என்று. தொடரில் செத்தவர்கள் எழும்பி வருவது புதிது இல்லையே. செல்லம்மாவுக்கு நல்ல சந்தோசம்.

பிறகு உன் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

“நீ பூசினா எரியுது.”

ஜெரி, நீ தொடர் பார்ப்பதில்லை. ஒரு எபிசோடும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தாய் டிஷ்ஷில் ஜூனிலேயே செத்தது உனக்குத் தெரிந்திருக்கும். சட்டைகளை அப்படி எடுத்து அப்படியே மடித்து வைக்கிற பெண் ஒரு தொடரிலும் இல்லை. அது எங்கட அம்மா. மேசையில் நாலு கோப்பை வைப்பதும் எங்கட அம்மா. அம்மா சுகம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அந்தப் பக்கத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வீட்டைப் பற்றி எனக்கு வந்த ஒரே செய்தி அதுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாவா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை. எழுது.

அக்கா


கொட்டாஞ்சேனை
03.11.2024

அக்கா,

நீ துப்பறியும் சிஸ்டராகலாம். ஆனால் பிழையான ஆளைப் பிடித்திருக்கிறாய். டிஷ்ஷில் வருவது வேறு, உள்ளூரில் வருவது வேறு. அங்கே வெட்டி ஒட்டிப் போடுகிறார்கள். லொறியை உள்ளூரில்தான் சேர்த்திருப்பார்கள்.

தீபாவளிக்குப் படம் பார்த்தோம். முதல் நாள், பின்னேரக் காட்சி. எங்கட ஆள் திரும்பி முகத்தைக் காட்டும்போது தியேட்டரில் ஒருவனும் சீற்றில் இல்லை. நான் அடித்த விசில் பம்பலப்பிட்டி ரெயில் நிலையத்தில் கேட்டிருக்கும். கடைசிச் சண்டை ஒரு கப்பலில். கப்பல் தாழும், இவருடைய தலைமயிர் நனையாது. உன்னுடைய சீற்றில் ஆமிரின் தம்பி இருந்தான். சோளப்பொரியை என் காலில் கொட்டினான். நீ இருந்திருந்தால் வாயில் கொட்டியிருப்பாய், உன் வாயில்.

‘எட்டாம் இலக்க வீடு’ கடைசி எபிசோட் கதை கசிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரியும். மேகலா மலையிலிருந்து இறங்கி வருகிறாள். விடியக் காலை. அம்மா கதவைத் திறக்கிறா. ஒரு கேள்வியும் இல்லை, ஒரு ஏச்சும் இல்லை. சோறு போடுகிறா, கருவாட்டுக் குழம்போடு. மேகலா இருந்து சாப்பிடுகிறாள். வெளியே ஒருவனும் ஹோன் அடிக்கவில்லை. முற்றும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன். திட்டவும் இல்லை. உன் பெயரையே சொல்வதில்லை. போன கிழமை நான் பகிடிக்கு உன்னை மாதிரியே குரலை மாற்றி வாசலில் நின்று “அம்மா, நான் வந்திட்டன்” என்று சொன்னேன். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. அந்த முழங்காலோடு ஓடி வந்தா, அக்கா. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனா. அடித்திருக்கலாம்.

இனிக் குரல் மாற்றமாட்டேன். நீ வா. ஒரு கிழமைதான். கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. பந்தயத்துக்காகத்தான்.

ஜெரி


பண்டாரவளை
17.11.2024

அன்புள்ள தம்பி,

மாதம் ஒரு கடிதம்தான் விடுவார்கள், இந்த மாதத்தினது அம்மாவுக்குப் போய்விட்டது. மதரிடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

நான் வரப்போவதில்லை.

நீ எழுதின கடைசி எபிசோடை எத்தனையோ தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மேசையில் நான் இருக்கிறேன். சாப்பிட்டு முடிகிறது. பிறகு எழும்ப வேண்டும். அந்த இடத்தில்தான் கடிதத்தை மடித்துவிடுகிறேன். அம்மா கதவைத் திறந்து ஒன்றும் கேட்காமல் சோறு போட்டா என்றால் நான் திரும்பி வரமாட்டேன். இங்கே இருக்க வேண்டும் என்பதும் எனக்கு நிச்சயம். எப்படி நிச்சயம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ ஒரு படத்தை முதல் நாளே பார்க்கவேண்டும் என்று நிற்பாயே, அடுத்த நாள் பார்த்தால் என்ன என்று கேட்டால் உனக்கும் பதில் தெரியாது. அப்படி ஏதோ.

அம்மாமேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருப்பதால்தான் வரப் பயம். இதை அம்மாவுக்கு நீ வாசித்துக் காட்டு. என் கடிதங்களை அவ திறக்கிறாவோ தெரியாது, நீ வாசித்தால் கேட்பா.

மேகலாவை இனி வீட்டுக்குக் கூட்டி வராதே, ஜெரி. அவளை மலையிலேயே விட்டுவிடு. அவளுக்கு அங்கே குளிர்தான், ஆனால் சந்தோசமாக இருக்கிறாள் என்று எழுது.

உடுப்புப் போடுவது டிசம்பர் பதினாலாம் திகதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பெற்றோருக்கு முதல் வரிசையில் இடம் வைப்பார்கள். நானும் அன்றைக்கு அந்த வரிசையைத்தான் பார்ப்பேன்.

பந்தயத்தில் யார் வென்றாலும் பரவாயில்லை. நீ ஒரு கோப்பையும் கழுவாமல் இளவரசனாக இருப்பது எனக்குச் சந்தோசம்தான். அம்மாவுக்கு மட்டும் ஒரு கை உதவி செய்.

அக்கா


கொட்டாஞ்சேனை
08.12.2024

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்துக்கு அறிவித்தல் ஒன்றும் இல்லை.

ரிமோட் செத்தது உண்மை. ஆனால் எப்படிச் செத்தது என்று நான் சொல்லவில்லை. நீ போன அன்று பின்னேரம் அம்மா ஒரு கட்டில் விரிப்பை எடுத்து டிவியை மூடினா. செத்த வீட்டில் மூடுவது மாதிரி. முப்பத்தொன்றாம் நாள் முடிய எடுப்பா என்று அப்பா என் காதில் சொன்னார். எடுக்கவில்லை. மாதக்கணக்காகப் பாவிக்காமல் கிடந்து பற்றரி கசிந்துதான் ரிமோட் போனது. தொடர் டிசம்பரில் முடிகிறது என்பதும் ஆமிரின் உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ பிடித்தது சரி. ஒரு எபிசோடும் பார்க்கவில்லை.

உன் கடிதத்தைக் குசினி வாசலில் நின்று அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நடுவில் இரண்டு இடத்தில் இருமினேன். முடிந்ததும் வெட்டின மீனைக் கழுவிச் சட்டியில் போட்டா. பிறகு, “அங்க இரவில சோறா பாணா குடுக்கினம்?” என்று கேட்டா. உன்னைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தெரியாது என்றேன். “அதையும் கேட்டு எழுதேல்ல” என்று எனக்கு ஏச்சு. சோறா பாணா, எழுது.

நேற்றுப் பின்னேரம் நான் போய் விரிப்பை எடுத்தேன். அம்மா தடுக்கவில்லை. ரிமோட் இல்லாமல் பொத்தானை அமத்தி அமத்திச் சானலைக் கண்டுபிடித்தேன். அம்மா குசினிக் கதவடியில் நின்றா, பிறகு கதிரையின் நுனியில் இருந்தா. அப்பாவும் வந்தார். மூன்று பேரும் கடைசி எபிசோட் பார்த்தோம்.

மேகலா வந்தாள், அக்கா. நான் சொன்னது மாதிரியே வந்தாள். கதவைத் திறந்தது அவளுடைய தம்பி. சுவரில் அவர்களுடைய அம்மாவின் படம், மாலையோடு. மேகலா பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கின. செல்லம்மாவுக்குச் சொல்லாதே, அவருக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

அம்மா கேட்டா, “இவள் இவ்வளவு நாளும் எங்க இருந்தவளாம்?”

எனக்கு எங்கே தெரியும்? “மலையில” என்றேன்.

“அப்ப உயிரோட இருக்கேக்க தாய் ஒருக்காப் போய்ப் பாத்திருக்கலாம்தானே.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். அதில் சோப்பு விளம்பரம்.

பதினாலாம் திகதிக்கு அப்பா வேன் பிடித்திருக்கிறார். அம்மா வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. இன்று காலை பெரிய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தா. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப உள்ளே வைத்துவிடுவா என்று பயம். நீ அன்றைக்கு முதல் வரிசையைப் பார், ஆனால் எத்தனை பேர் என்று எண்ணாதே.

இன்னும் சில சில்லறை விசயங்கள். கட்டில்களைச் சேர்த்துப் போடவில்லை. உன் கட்டில் அதே இடத்தில்தான், விரிப்பு நீ விரித்தது. படத்துக்கும் போகவில்லை. பின்னேரக் காட்சிக்குப் போனால் லைற் போடாத குசினியில் அம்மா தனியாக இருப்பா. ஆமிர் போய் வந்து படிக்கட்டில் வைத்துக் கதை சொன்னான். கப்பல் சண்டையை நடித்துக் காட்டி வழுக்கி விழுந்தான். அந்த விசிலும் அவனுடையதுதான், எனக்கு விசில் அடிக்க வராது. நீதானே பழக்குகிறேன் என்றாய்.

சட்டப்படி பந்தயத்தில் நான்தான் வென்றேன். மேகலா வந்துவிட்டாள். நீ ஆயுள் முழுக்கக் கோப்பை கழுவ வேண்டும். ஆனால் இளவரசன் கதை எழுதினேன்தானே, அதுவும் பொய். நீ போன நாளிலிருந்து வீட்டில் நான்தான் கழுவுகிறேன். நாலு கோப்பையும். உன்னுடையதில் ஒரு பருக்கையும் இருக்காது. ஆனாலும் சவர்க்காரம் போட்டு, மற்றதுகளைப் போலத் தேய்த்துக் கழுவித்தான் கவிழ்க்கிறேன். அம்மா பார்த்துக்கொண்டு நிற்பா.

ஜெரி